எண்ணூர் ஆற்றில் சொந்தப் படகு: கேள்விகளும் பதில்களும்

எண்ணூர்க் குப்பத்தில் பிறந்தவன். முப்பது வருடமாக ஆற்றிலும் கடலிலும் படகு ஓட்டுகிறேன். சொந்தப் படகில் தீவு பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருவொற்றியூர்): அண்ணே, சின்ன பைபர் படகு வாங்கியிருக்கிறேன். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்க் காட்டுப்பள்ளித் தீவைச் சுற்றி வரலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கடல் பக்கம் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. கப்பல் வரும் வழியில் குறுக்கே போனால், கப்பல்காரர்கள் நினைத்தாலும் கப்பலை உடனே நிறுத்த முடியாது.

அதற்கு முன்னால் முகத்துவாரமே ஆபத்து. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆறு வெளியே பாயும், கடல் அலை எதிரே வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை சுவர் மாதிரி எழும்பும். மணல்திட்டும் ஓரிடத்தில் நிற்காது, போன மாதம் போன வழி இப்போது இருக்காது. நான் இன்றைக்கும் கரையில் நின்று பத்து நிமிடம் அலையைப் பார்க்காமல் இறங்குவதில்லை. முகத்துவாரம் முழுக்க அலை வெள்ளையாக உடைந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

கேள்வி (மணலி): அப்போ ஆற்றுப் பக்கம் மட்டும் போனால்?

பதில்: தாராளமாகப் போங்கள். கொசஸ்தலை ஆறும் அலையாத்திக் காடும் அந்தப் பக்கம்தான். ஏற்றம், அதாவது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுவது, பாதி வந்ததும் கிளம்புங்கள், தண்ணீர் வற்றத் தொடங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். ஒரு ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம். நேரம் தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்புறம் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான். இறங்கித் தள்ளலாம் என்று வெறுங்காலோடு கால் வைக்காதீர்கள், ஆளிச் சிப்பி கத்தி மாதிரி கிழிக்கும்.

இன்னொன்று. ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிந்தால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். இருளர் பெண்கள் பறியை, அதாவது இறால் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். உங்கள் படகு கிளப்பும் அலை அவர்கள் வாய்க்குள் போகும். அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம் அது, துடுப்புப் போட்டு விலகிப் போங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): பழவேற்காட்டில் மீனவர் படகை வாடகைக்குப் பிடித்து ஏரியைச் சுற்றலாமா?

பதில்: கூடாதம்மா. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அதற்கப்புறம்தான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பூநாரையைக் கரையில் நின்றே பார்க்கலாம், டச்சுக் கல்லறையையும் அப்படியே பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (ராயபுரம்): எந்த மாதம் நல்லது?

பதில்: ஜனவரி, பிப்ரவரி. விடியற்காலையில் போய், மதியக் கடல்காற்று எழும்புவதற்குள் வந்துவிடுங்கள்.

கேள்வி (எர்ணாவூர்): பையன் நன்றாக நீந்துவான். அவனுக்கும் லைப் ஜாக்கெட் வேண்டுமா?

பதில்: வேண்டும். கரையிலேயே போட்டு வாரை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அவனுக்குப் பெரியது, வேறு மாற்றுங்கள்.