மருத்துவமனைக்குப் போக அனுமதிச் சீட்டு

கேள்வி: மியான்மரில் ராக்கைன் மாநிலமே ஏழை மாநிலம். அங்குள்ள பௌத்தர்களுக்கும் நல்ல வைத்தியம் கிடையாது. அங்கு வாழும் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்களுக்கு மட்டும் மருத்துவம் மறுக்கப்பட்டதாக எழுதுவது மிகை இல்லையா?

பதில்: மிகை இல்லை. அங்குள்ள பௌத்தர்களும் வைத்திய வசதியில்லாமல் அவதிப்படுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மனைவிக்குப் பிரசவ வலி வந்தால் அவர்கள் வண்டியைத் தேடினால் போதும் என்ற நிலை இருந்தது. வங்கதேச எல்லையோரம் மாங்டோவில் இருந்த ரோஹிங்கியா, வண்டிக்கு முன்னால் அனுமதிச் சீட்டைத் தேட வேண்டியிருந்தது. 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. ஊர்விட்டு ஊர் போகவே எழுத்தில் அனுமதி வேண்டியிருந்தது. மாநிலத்தின் பெரிய மருத்துவமனை தலைநகர் சித்வேயில். அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை லஞ்சம்! 2012இல் பௌத்தர்களுக்கும் ரோஹிங்கியாக்களுக்கும் இடையே நடந்த கலவரத்துக்குப் பிறகு, தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் தனி வார்டு, போலீஸ் காவல். பணமில்லாத அரசால் மருந்து வாங்க முடியாமல் போகலாம். நோயாளியை வழிமறிப்பதற்கு வறுமை எப்படிக் காரணமாகும்?

சரி, அவர்களால் போக முடியாது, மருத்துவர்களாவது வரலாமே? வந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தது. 2014 ஜனவரியில் மாங்டோ பகுதியின் டூ சீ யார் டான் கிராமத்துக்கு அருகே, காயம்பட்ட 22 பேருக்குச் சிகிச்சை அளித்ததாக அது சொன்னது. அங்கே வன்முறையே நடக்கவில்லை என்றது அரசு. பிப்ரவரி இறுதியில் ராக்கைனில் அந்த அமைப்பின் பணிகளை நிறுத்திவிட்டார்கள். காசநோய்க்கும் மலேரியாவுக்கும் அவர்களையே நம்பியிருந்த கிராமங்கள் மாதக்கணக்கில் திண்டாடின.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் ராணுவத்துக்குப் பயந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த நவம்பரிலேயே அங்குள்ள காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவியது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், அதிகமும் குழந்தைகள். முகாம் நெரிசலில் நோய் வேகமாகப் பரவியது என்பது சரி. ஆனால் முத்தடுப்பு ஊசியால் தடுத்துவிடக்கூடிய நோய் அது. மியான்மர் அரசு தன் குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் அந்த ஊசியைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள்தான் அங்கே படுத்துக் கிடந்தார்கள்.

ஊர் திரும்புவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முகாமில் இருப்பவர்கள் குடியுரிமையை ஏன் முன்வைக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஊரில் மருத்துவமனை கட்டித் தருகிறோம் என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போதாது. அதன் வாசல்வரை தங்களைப் போக விடுவார்களா என்பது தெரிய வேண்டும்.