மீன் ஒவ்வாமைக்குக் காரணமான பார்வால்புமின் மூளையிலும் இருக்கிறதாமே, என் மகனுக்கு ஆபத்தா?

கேட்டவர் ஒரு தாய். ஐந்து வயது மகனுக்கு மீன் ஒவ்வாமை. பார்வால்புமின் என்ற புரதம்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதே பெயரை மூளை பற்றிய கட்டுரை ஒன்றில் பார்த்ததும் அவருக்கு இரண்டு பயம். உடம்பு மீனை எதிர்ப்பதுபோல் சொந்த மூளையையும் எதிர்க்குமா? மீனே சாப்பிடாமல் வளர்ந்தால் மூளையில் அந்தப் புரதம் குறைந்துவிடுமா?

இரண்டும் நடக்காது அம்மா. நான் மருத்துவர் இல்லை, ரங்கூனில் உயிரியல் டியூஷன் எடுப்பவன். ஆனால் என் தங்கை மகனுக்கும் இதே ஒவ்வாமை என்பதால் இந்தப் புரதத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, காளியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு கடையில் காலை மொஹிங்கா சாப்பிட்டோம். பர்மாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கெளுத்தி மீனை எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு எல்லாம் போட்டுக் கரையக் கரையக் காய்ச்சி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவது. பையனுக்கு முள் குத்தும் என்று வெறும் சாறு இரண்டு கரண்டிதான் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, விடாத இருமல். ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பிழைத்தான். "அவ்வளவு நேரம் கொதித்த சாறு என்ன செய்யும்?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பதில் கால்சியத்தில் இருக்கிறது. பார்வால்புமின் மிகச் சின்னப் புரதம், ஏறக்குறைய 110 அமினோ அமிலங்கள்தான். அதற்குள் கால்சியத்தைப் பிடிக்கும் இரண்டு இடங்கள் உண்டு. 1973இல் கெண்டை மீனின் பார்வால்புமினை ஆராய்ந்த கிரெட்சிங்கர், நீட்டிய சுட்டுவிரலும் கட்டைவிரலும் போல அமைந்த இந்தப் பிடிக்கு 'இஎஃப் கை' என்று பெயர் வைத்தார். கால்சியத்தைப் பிடித்துக்கொண்ட நிலையில் புரதம் இறுகிக் கெட்டியாகிவிடும். கொதிக்க வைத்தாலும் எளிதில் குலையாது. ஒவ்வாமை உள்ளவரின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அடையாளம் காண்பதும் பெரும்பாலும் இந்த இறுகிய வடிவத்தைத்தான். அதனால்தான் பாட்டியின் கணக்கு தப்பியது.

மீனுக்கு இது எதற்கு? தசை சுருங்கக் கால்சியம் வேண்டும், தளர அது விலக வேண்டும். சட்டென்று வாலடித்துப் பாயும் மீனின் வெள்ளைச் சதையில், கால்சியத்தை உடனே வாரி எடுத்துத் தசையைத் தளர்த்துவது இந்தப் புரதம். கருஞ்சதையில் இது குறைவு.

நம் மூளையிலும் வேலை கிட்டத்தட்ட அதுவேதான், இடம் மட்டும் வேறு. மூளையில் மற்ற நரம்பணுக்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் அணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை நொடிக்கு நூறு முறைக்கு மேலும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ளே பாயும். அடுத்த துடிப்புக்குள் அதை ஒதுக்கிவைக்க உதவுவது பார்வால்புமின். கவனத்தோடும் நினைவோடும் தொடர்புள்ள காமா அலைகள் என்ற மூளை மின்னலைகளுக்குத் தாளம் போடுவது இந்த அணுக்கள்தான். பார்வால்புமின் மரபணுவை நீக்கிய எலிகளில் தசை தளர நேரம் பிடித்தது, தூண்டினால் வலிப்பும் கடுமையாக வந்தது. இவ்வளவு சின்னப் புரதத்துக்கு இவ்வளவு பொறுப்பா என்று எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

ஆனால் உங்கள் மகன் மூளையில் இருப்பது ஆல்ஃபா வகை. அவனுடைய 22ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு சொல்லி, அவன் உடம்பே செய்துகொள்வது. மீனில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பீட்டா வகை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனாலும் மீனை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் மூளையைத் தேடிப் போவதில்லை. மீன் சாப்பிட்டால் மூளைப் பார்வால்புமின் கூடுவதும் இல்லை, சாப்பிடாவிட்டால் குறைவதும் இல்லை. மீன் மூளைக்கு நல்லது என்று சொல்வது அதன் ஒமேகா 3 கொழுப்புக்காக. அது கடற்பாசி எண்ணெயிலும் கிடைக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். தயவுசெய்து "மூளை வளரும்" என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக ஒரு துண்டு மீன் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பயப்பட வேண்டியது சமையலறைக்குத்தான். மீன் வேகும் ஆவி பட்டாலே சிலருக்கு மூச்சு இரைக்கும். மீன் பொரித்த எண்ணெயில் வடை போட்டாலும் ஆபத்து. ஒவ்வாமை கடுமையானால் உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசி கையோடு வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இறாலில் ஒவ்வாமை தருவது டிரோபோமயோசின் என்ற வேறு புரதம், அதனால் சிலருக்கு மீன் ஆகாது, இறால் ஆகும். அதையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டில் பரீட்சை வேண்டாம்.

எங்கள் ஊரில் ஙப்பி என்ற புளித்த மீன் விழுதும் மீன் சாஸும் காய்கறிக் குழம்புக்குள்ளும் இருக்கும். புளிக்க வைத்தது என்பதால் புரதம் முழுக்கப் போயிருக்கும் என்று நாங்கள் நம்புவதில்லை. தங்கை மகனுக்கு இப்போது ஒன்பது வயது. கடையில் உட்கார்ந்ததும் "ஙா பாலா?" என்று அவனே கேட்பான், மீன் இருக்கிறதா என்று. இல்லை என்றாலும் விடமாட்டான். ஙப்பி போட்டிருக்கிறதா என்று இரண்டாவது கேள்வியும் கேட்பான், ஏனென்றால் பலர் அதை மீனாக நினைப்பதே இல்லை.