பெர்த்தில் வீடு தேடும் முன் ஆற்றைப் பாருங்கள்

"ஜனவரியில் மனைவி, குழந்தையோடு பெர்த் வருகிறேன். ஆபீஸ் செயின்ட் ஜார்ஜஸ் டெரஸில். தண்ணீர் ஓரமாக வீடு பார்க்கலாமா, எந்தப் பக்கம் நல்லது? தூங்கி வழியும் ஊர் என்கிறார்களே?" என்று கேட்டிருந்தீர்கள்.

தம்பி, பெர்த்தில் "எந்தப் பக்கம்" என்றால் ஸ்வான் ஆற்றுக்கு வடக்கா தெற்கா என்பதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரைத் தலைநகர் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். ஆனால் நகர மையம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கும் இடத்தில் இருக்கிறது. 1829இல் ஜேம்ஸ் ஸ்டிர்லிங் குடியேற்றத்தைத் தொடங்கியபோது துறைமுகத்தை ஆற்றுவாயில் பிரீமாண்டிலில் வைத்தார். கடல்வழித் தாக்குதலுக்கு எளிதில் எட்டாமலும் நல்ல தண்ணீர் கிடைக்கும்படியும் தலைநகரை மேலே ஏற்றினார். அதனால் இன்றும் துறைமுகம் ஓர் ஊர், தலைநகர் வேறு ஊர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு இந்த இடம் அதற்கும் வெகு முன்பே பூர்லூ.

உங்கள் ஆபீஸ் இருக்கும் டெரஸ் தெருவிலிருந்து ஆறு கூப்பிடு தூரம். ஆனாலும் நடுவில் சாலையும் புல்வெளியும் குறுக்கே கிடப்பதைக் காண்பீர்கள். அந்தப் புல்வெளி ஆற்றில் மண் கொட்டித் தூர்த்த நிலம். 1959இல் ஆற்றைக் கடந்து தெற்கே போகும் நேரோஸ் பாலம் வந்தது. அதை ஒட்டிய நெடுஞ்சாலைப் பின்னலுக்காக மவுண்ட்ஸ் வளைகுடாவிலும் பெரும்பகுதி நிரம்பியது. 2016இல் திறந்த எலிசபெத் கீ படகுத்துறை, தூர்த்த மண்ணையே திரும்பத் தோண்டி ஆற்றை உள்ளே அழைத்து வந்த இடம். கூத்துதான்.

உங்களுக்கு இதில் என்ன? தெற்கே வீடு எடுத்துக் காரில் வந்தால் காலையில் அந்தப் பாலத்தில் சிக்குவீர்கள். 2007இல் வந்த மாண்டுரா ரயில் பாதை அதே நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடி, உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் எலிசபெத் கீ நிலையத்தில் இறக்கிவிடும். புல் கிரீக், மர்டாக் நிலையங்களைச் சுற்றித் தேடுங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் கேனிங் வேல் பக்கம் 2025 ஜூன் வரை ரயில் இல்லை. இப்போது ரான்ஃபோர்ட் ரோடு நிலையம் இருப்பதால் தாராளமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், நிலையத்துக்கு நடை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ரயில், பஸ் பயணத்துக்கான ஸ்மார்ட்ரைடர் அட்டையை ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

ஜனவரி என்பதால் காற்றையும் கவனியுங்கள். கோடைப் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று வரும்; அதற்கு இங்கே "பிரீமாண்டில் டாக்டர்" என்றே பெயர். கடலை ஒட்டிய பகுதிகளை முதலில் ஆற்றும். கிழக்கே மலையடிவாரம் பக்கம் தாமதமாக, வலுக்குறைந்து போய்ச் சேரும். 40 டிகிரி நாட்களில் அந்தத் தாமதம் பெரிய வித்தியாசம். விளம்பரத்தில் "வடக்குப் பார்த்த வீடு" என்று வந்தால் வாஸ்து என்று மகிழாதீர்கள். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானில் போவதால், குளிர்காலத்தில் அறைக்குள் வெயில் வரும் என்று பொருள். அது முக்கியம், இங்கே பல பழைய வீடுகள் இரட்டைச் செங்கல் சுவர், சூடேற்றி சரியாக இருக்காது, ஜூலை இரவில் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

தூங்கும் ஊர் என்பதில் பாதி உண்மை. கடைகள் சீக்கிரம் மூடும். அடுத்த பெரிய நகரமான அடிலெய்ட் 2000 கிலோமீட்டருக்கு அப்பால். அந்தத் தனிமை குணத்திலும் உண்டு: 1933இல் இந்த மாநிலம் ஆஸ்திரேலியாவை விட்டே பிரிந்து போகிறோம் என்று மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தது, லண்டன் எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் முறையையும் நான்கு முறை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ஆகவே உங்கள் குழு சிட்னியில் இருந்தால் ஜனவரியில் அவர்களுடைய காலை 9 மணிக் கூட்டம் உங்களுக்கு 6 மணி. ஊருக்கு போன் பேச வசதி: இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னே.

வாடகைக்கு வருவோம். நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். வேலை ஆணை, விசா, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்த அன்றே விண்ணப்பியுங்கள். பொதுவாக முன்பணம் நான்கு வார வாடகை, அதோடு முதல் இரண்டு வார வாடகை. விளம்பரத் தொகைக்கு மேல் கொடுக்கச் சொல்லி ஏஜென்ட் தூண்டுவது 2024 முதல் சட்டவிரோதம்.

சாவி கையில் வந்ததும் வீட்டு நிலை அறிக்கை தருவார்கள். அதைத் திருத்தித் திருப்பித் தர 7 நாள்தான். பெட்டி பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஓவன் அடுப்புத் தட்டின் கருகல், ஜன்னல் தண்டவாள மணல், கம்பளக் கறை, ஜன்னல் திரைக் கயிறு ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்து அறிக்கையில் எழுதுங்கள். "சுத்தம்" என்று அச்சிட்டதை அப்படியே விட்டால், காலி செய்யும்போது அந்தக் கருகலுக்கு உங்கள் முன்பணத்தில் கைவைப்பார்கள்.

தோட்டம் இருந்தால் தண்ணீர்க் கட்டணமும் புல் பராமரிப்பும் யாருடையது என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். தரை முழுக்க மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது. தெளிப்பானுக்கு வீட்டு எண்ணைப் பொறுத்து வாரத்தில் இரண்டு நாள். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அறவே கூடாது.