வைரஸ் அடங்கிய பிறகும் அழற்சி ஏன் அடங்குவதில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. 11 ஆண்டுகளாக எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்கிறேன். இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பல ஆண்டுகளாக 50-க்குக் கீழ்தான்; சிடி4 எனும் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை 610. ஆனாலும் உடலுக்குள் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும், மாரடைப்பு சீக்கிரம் வரும், பெண்களுக்கு அது அதிகம் என்று படித்தேன். ஒரு வருடமாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. 5 கிலோ எடை கூடியிருக்கிறது, எப்போதும் அசதி. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உங்கள் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே தேவைக்கு மேல் விழித்திருக்கிறது. அதை இன்னும் உசுப்பிவிட வேண்டியதில்லை. தவிர, இந்த வகை மாத்திரைகளில் துத்தநாகம், இரும்பு, கால்சியம் கலந்திருக்கும். இவை குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கலந்திருந்தால், அது ஈரலைத் தூண்டி மருந்தின் அளவையே குறைத்துவிடும்.

நீங்கள் படித்தது உண்மைதான். கிருமி உடலில் நுழைந்த முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரைக் காவல் காக்கும் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. சிகிச்சை தொடங்கி ரத்தத்தில் சிடி4 ஏறினாலும், குடலில் பட்ட சேதம் முழுதாக ஆறுவதில்லை. அந்த வழியாகப் பாக்டீரியாத் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகின்றன. மோனோசைட் எனும் வெள்ளையணுக்கள் எந்நேரமும் முடுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. இந்த ஓயாத முடுக்கம்தான் நீங்கள் படித்த அழற்சி. செல்களுக்குள் உறங்கும் எச்ஐவியும், பெரும்பாலானோர் உடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸும் இதற்குத் துணைபோகின்றன.

பெண்களுக்கு இது ஏன் அதிகம்? வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கும் டிஎல்ஆர்7 என்ற உணர்விக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதே அளவு வைரஸைக் கண்டாலும், பெண்களின் குறிப்பிட்ட சில எதிர்ப்புச் செல்கள் ஆண்களுடையதைவிட அதிகமாக இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நீங்கள் இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

இதை அளக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிஆர்பி, ஐஎல்-6, டி-டைமர் என்று அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகள் உண்டு; ஆனால் இவை எல்லாம் ஆய்வுகளுக்குப் பயன்படுபவை. ஒரு சளி பிடித்தாலே சிஆர்பி ஏறிவிடும். அந்த எண்ணை வைத்து உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றப்போவதில்லை என்பதால், அதற்குச் செலவழிக்க வேண்டாம். இருக்கிற மருந்தோடு இன்னொரு எச்ஐவி மருந்தைச் சேர்த்தாலும் அழற்சி குறைவதில்லை. அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

பயன் உள்ளவை வேறு. முதலாவது, மாத்திரையை விடாமல் எடுப்பது. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்ததும் மீண்டும் தொடங்கலாமா என்று பார்த்த ஸ்மார்ட் ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நிறுத்தியவர்களுக்கு இறப்பும் அதிகம், இதய நோயும் அதிகம். மருந்தின் நஞ்சால் இதயம் கெடும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக, வைரஸ் தலைதூக்கியதே இதயத்தைக் கெடுத்தது.

இரண்டாவது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்து. 40 முதல் 75 வயது வரை, எச்ஐவி கட்டுக்குள் இருக்கும் 7,769 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாடினும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு. சாதாரணக் கணக்கில் ஆபத்து குறைவு என்று விட்டுவிடக்கூடியவர்களும் அதில் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் சொன்னாலும் இந்தப் பேச்சை உங்கள் மருத்துவரிடம் எடுங்கள். பிடாவாஸ்டாடின் கிடைக்காவிட்டால் அடோர்வாஸ்டாடின் 20 அல்லது ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் கொடுப்பார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும், சிலருக்குத் தசைவலி வரும். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்றாவது ரிடோனாவிர் சேர்ந்த எச்ஐவி மருந்துக்கு மாற்றினால் சிம்வாஸ்டாடின் கூடவே கூடாது.

புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறை போகும்போதும் பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), சிறுநீரில் புரதம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவே நம்பகமானது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, எச்ஐவி உள்ளவர்களுக்குச் சில சமயம் குறைத்துக் காட்டும். டோலுடெக்ராவிர் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறி நின்றுவிடுவது சிறுநீரகக் கோளாறு அல்ல. தொடர்ந்து ஏறினால்தான் கவலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கொடுத்தால், இந்த மருந்தோடு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

எடை கூடியதில் டோலுடெக்ராவிருக்கும் பங்கு இருக்கலாம். பெண்களுக்கு அது கூடுதல். அதற்காக நீங்களாக மருந்தை மாற்றிவிடாதீர்கள்.

எலும்புக்கு வருவோம். டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸில் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும், ஈஸ்ட்ரோஜன் இழப்பும் குறைக்கும். மாதவிடாய் முழுதாக நின்றபின், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுங்கள். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதையும் டோலுடெக்ராவிர் மாத்திரையையும் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கலாம். வெறும் வயிற்றில் என்றால் டோலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். மெக்னீசியம், அலுமினியம் கலந்த அமிலநீக்கிக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. எப்போதும் அந்த இடைவெளிதான்.

நீங்கள் கேட்காத ஒன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எச்ஐவி உள்ள பெண்களுக்கு இதன் ஆபத்து சுமார் 6 மடங்கு. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் டிஎன்ஏ பரிசோதனையை 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று நினைவில்லையென்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

அசதிக்கு அழற்சிமீது பழிபோடும் முன் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), சர்க்கரை மூன்றையும் பாருங்கள். தூக்கம் எப்படி, மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது இந்த வயதில் இயல்பு. ஆனாலும் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, 12 மாதம் நின்றபின் மீண்டும் ரத்தப்போக்கு வந்தாலோ, அடுத்த மருந்துத் தேதி வரை காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.