லவுஞ்சைப் பார்த்து முனையத்தைத் தெரிவு செய்யலாமா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 69 வயது, அம்மாவுக்கு 64. டொரண்டோவில் இருக்கும் தங்கையைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார்கள். கனடா விசா வந்துவிட்டது. இரண்டு டிக்கெட்டுகளுக்கு விலை எடுத்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று துபாய் வழியாக, இடையில் 5 மணி நேரம். மற்றது லண்டன் ஹீத்ரோ வழியாக. அங்கே மூன்றாம் முனையத்தில் இறங்கி ஐந்தாம் முனையத்தில் ஏற வேண்டும், இடையில் 7 மணி நேரம். ஹீத்ரோ மூன்றாம் முனையத்து லவுஞ்சுகள் (தனிக் காத்திருப்பு அறைகள்) பிரமாதம், லண்டனையே எடு என்கிறார் அத்தான். என்னிடம் லவுஞ்ச் வசதியுள்ள கடனட்டை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா சுத்த சைவம். எதை எடுக்கட்டும்?"

துபாயை எடுங்கள். ஆனால் லவுஞ்சுக்காக அல்ல. லவுஞ்ச் விஷயத்தில் உங்கள் வீட்டில் யாரும் இன்னும் யோசிக்காத ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

அந்தக் கடனட்டை உங்கள் பெயரில் இருக்கிறது. விமானம் ஏறுவது நீங்கள் இல்லை. லவுஞ்ச் வாசலில் இருப்பவர் போர்டிங் பாஸை வாங்கி ஸ்கேன் பண்ணுவார், அட்டையைக் கேட்பார், இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பாவின் கையில் உங்கள் அட்டையைக் கொடுத்து அனுப்புவதில் பயனே இல்லை. அட்டைக்காரர் நேரில் நிற்க வேண்டும், கூட வருபவர்கள் அவருடைய விருந்தினர்கள், அவ்வளவுதான். மகன், மகள் பெயரில் அட்டையை வைத்துக்கொண்டு பெற்றோரை அனுப்பும் குடும்பங்கள் அடிக்கடி சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வழி இல்லாமல் இல்லை. உங்கள் கணக்கின் கீழ் அப்பா பெயரில் துணை அட்டை ஒன்று எடுக்கலாம். எடுப்பதற்கு முன் வங்கியில் கேளுங்கள்: லவுஞ்ச் வசதி துணை அட்டைக்கும் உண்டா, வருடத்துக்கு எத்தனை தடவை இலவசம், அம்மா விருந்தினராகப் போனால் என்ன கட்டணம். பல அட்டைகளில் விருந்தினருக்குத் தலைக்குச் சுமார் 35 அமெரிக்க டாலர் போகும். அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் உங்கள் அட்டைக் கணக்கில் ரூபாயாக வந்து நிற்கும். துணை அட்டை சரிவராவிட்டால், கட்டணம் வாங்கும் லவுஞ்சுகளில் இணையத்திலேயே அவர்கள் பெயருக்கு முன்பதிவு செய்துவிடலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுவே சுலபம்: கையில் ஒரு தாள், அதில் அவர்கள் பெயர், போகும் நேரம்.

இப்போது அத்தானிடம் வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை. ஹீத்ரோ மூன்றாம் முனையத்தில் கதே பசிஃபிக், குவாண்டாஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நான்குக்கும் லவுஞ்ச் உண்டு. நான்கும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பவை. நம்முடைய ஸ்ரீலங்கனும் 2014 மே மாதத்திலிருந்து அதே கூட்டணிதான். ஆகவே பிசினஸ் வகுப்பில் போகிறவரோ, அடிக்கடி பறந்து சஃபயர், எமரால்ட் தரத்தில் இருப்பவரோ அங்கே ஒன்றில் தேநீர் குடித்துவிட்டு அடுத்ததில் சாப்பிடவும் செய்யலாம். அத்தான் அந்த வகையாக இருக்கலாம். சாதாரண வகுப்பு டிக்கெட்டும் வங்கி அட்டையும் வைத்திருப்பவருக்கு அந்த நான்கு கதவும் திறக்காது.

அதைவிட முக்கியம், உங்கள் பெற்றோர் மூன்றாம் முனையத்தில் இறங்கத்தான் போகிறார்கள், ஏறுவது ஐந்தாம் முனையத்தில். லவுஞ்ச் விஷயத்தில் கணக்கில் வருவது ஏறும் முனையம். இறங்கியதும் இணைப்பு விமானத்துக்கான பலகைகளைப் பின்தொடர்ந்து, பஸ் ஏறி, ஐந்தாம் முனையத்துக்குப் போய், பாதுகாப்புச் சோதனையை மறுபடி முடிக்க வேண்டும். அங்கேயும் பணம் கட்டிப் போகும் லவுஞ்சுகள் உண்டு, கிளப் அஸ்பையர், பிளாசா பிரீமியம் மாதிரி. குறை சொல்ல முடியாது, புகழவும் ஒன்றுமில்லை. நெரிசல் நேரத்தில் முன்பதிவு இல்லாத அட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே விட்டாலும் பொதுவாக மூன்று மணி நேரம்தான் இருக்கலாம். ஏழு மணி நேர இடைவெளியில் மீதி நேரம் முனையத்து நாற்காலியில்தான். வாயில் எண்ணையும் அங்கே தாமதமாகத்தான் போடுவார்கள். அது பி, சி கட்டிடங்களில் விழுந்தால் நிலத்தடி ரயிலில் போக வேண்டும், வலிக்கும் முழங்காலோடு.

லண்டன் வழியில் விசாவும் ஒரு சங்கதி. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் ஹீத்ரோவில் விமானம் மாறுவதற்கு மட்டும் கூட இடைத்தங்கல் விசா எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் விதிவிலக்கு. உங்கள் பெற்றோர் போகும்போது தப்பிவிடுவார்கள். திரும்பும்போதுதான் கவனம். தங்கை "இன்னும் இரண்டு மாதம் இருங்கம்மா" என்று தங்கும் காலத்தை நீடித்து, அதற்குள் விசா முடிந்துவிட்டால், அந்த விதிவிலக்கை நம்பி லண்டன் விமானத்தில் ஏற முடியாது. பாரிஸ், பிராங்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் வழியாக வரும் மலிவு டிக்கெட்டுகளுக்கும் இடைத்தங்கல் விசா விதியைப் பார்க்க வேண்டும். ஷெங்கன் நாடுகளின் விமான நிலைய இடைத்தங்கல் விசாப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. விலையை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாத முகவர்கள் நிறையப் பேர்.

துபாயில் விமானம் மாறுகிறவர் குடிவரவுக் கோட்டைத் தாண்டாதவரை விசா தேவையில்லை. டோஹாவிலும் அப்படித்தான்.

ஆனாலும் லண்டன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கொழும்பிலிருந்து லண்டன் ஏறத்தாழ 11 மணி நேரம், அங்கிருந்து டொரண்டோ 8. பயணம் கிட்டத்தட்டப் பாதியாக உடைகிறது. துபாய் வழியில் முதல் பறப்பு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு, அடுத்தது ஒரே மூச்சில் 14 மணி நேரம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் பதினான்கு மணி நேரம் லேசுப்பட்டதல்ல. அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை கட்டாயம். கொஞ்சம் காசு போனாலும் முன்கூட்டியே அதைப் போட்டுவிடுங்கள், லவுஞ்சுக்குச் செலவழிப்பதைவிட அது மேல். இதையெல்லாம் கூட்டிக் கழித்தும் நான் துபாய் பக்கம்தான். முதல் பயணம், ஆங்கிலப் பலகை, முனையம் மாறும் பஸ் எல்லாம் சேர்ந்தால் அந்த வயதில் கால் வலியைவிட மனப் பதற்றம்தான் ஆளைச் சாய்க்கும்.

துபாயிலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எமிரேட்ஸ் விமானங்கள் மூன்றாம் முனையத்தில் வந்து அங்கிருந்தே புறப்படுகின்றன. ஆனால் எமிரேட்ஸ் எண்ணில் விற்கப்படும் சில டிக்கெட்டுகளில் ஒரு துண்டு ஃப்ளைதுபாய் விமானமாக இருக்கும். அது இரண்டாம் முனையத்திலும் இயங்குகிறது. அங்கே வசதி குறைவு, மூன்றாம் முனையத்துக்குப் பஸ்ஸில் வர வேண்டும். டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் யார் இயக்குகிறார்கள் என்று இருக்கும். அந்த வரியை வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்றாம் முனையத்துக்குள் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஏ பகுதிக்குப் போக ரயில் ஏற வேண்டும். அட்டைக்கும் கட்டணத்துக்கும் திறக்கும் மர்ஹபா போன்ற லவுஞ்சுகள் முனையத்துக்குள் உண்டு. எது நல்ல லவுஞ்ச் என்று இணையத்தில் தேடிக் களைக்க வேண்டாம். டொரண்டோ விமானத்தின் வாயில் எந்தப் பகுதியோ அந்தப் பகுதியில் இருப்பதே உங்கள் பெற்றோருக்கு நல்ல லவுஞ்ச். உள்ளே விமான அறிவிப்பு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கைப்பேசியில் அலாரம் வைத்து அனுப்புங்கள். துபாய் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அப்பா கைக்கடிகாரத்தை மாற்றாமல் போனால் விமானம் போய்விட்டதென்று அம்மாவையும் எழுப்பி ஓட வைப்பார்.

சக்கர நாற்காலியை இருவருக்குமே கேளுங்கள். நடக்க முடியும் என்று அப்பா வீம்பு பிடிப்பார், விடாதீர்கள். விமான நிறுவனத்திடம் இரண்டு நாளுக்கு முன்பே சொன்னால் போதும், கட்டணம் கிடையாது. இருவருக்கும் கேட்டால்தான் ஒன்றாக அழைத்துப் போவார்கள். ஆனால் சக்கர நாற்காலியும் லவுஞ்சும் எப்போதும் ஒத்துப்போகாது. தள்ளிக்கொண்டு போகிறவர் அவர்களை உதவி தேவைப்படுவோருக்கான காத்திருப்பு இடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார், புறப்படும் நேரத்துக்கு வருவார். லவுஞ்சுக்குப் போக வேண்டுமென்றால் கிளம்பும் இடத்திலேயே சொல்ல வேண்டும், லவுஞ்சிலிருந்து எத்தனை மணிக்கு யார் கூட்டிப் போவார்கள் என்றும் கேட்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள்.

கட்டுநாயக்கவில் முனையத்தைத் தெரிவு செய்யும் பேச்சே இல்லை. வெளிநாட்டு விமானங்கள் இப்போதைக்கு ஒரே பிரதான முனையத்திலிருந்துதான் புறப்படுகின்றன, இரண்டாம் முனையம் இன்னும் திறக்கப்படவில்லை. அங்கேயும் லவுஞ்சுகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் குடிவரவுக்கு அப்பால். மலையகத்துக்காரரின் சிரமம் அதற்கு முந்தியது. அதிகாலை விமானத்துக்கு ஹட்டனிலிருந்து முந்தின நாள் மத்தியானமே வேன் கிளம்பும். கினிகத்தேனையில் மண் சரிந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் இன்னும் முன்னுக்குக் கிளம்புவார்கள். கித்துல்கலை, அவிசாவளை தாண்டி, கடுவலையில் அதிவேகப் பாதை ஏறி, இரவு எட்டு மணிக்கெல்லாம் விமான நிலையம். செக்-இன் திறப்பதோ புறப்பட மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்போதுதான். அதுவரை வழியனுப்ப வந்த ஏழெட்டுப் பேரும் வேனுக்குள்ளும் வெளியிலுமாக. அந்த நேரத்துக்கு எந்த லவுஞ்சும் உதவாது. அந்தக் காசில் நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்து, அம்மா நான்கு மணி நேரம் கால் நீட்டிப் படுக்கட்டும். பக்கத்து ஊர்தான்.

இதே கேள்வி வேறு பாதைகளில் போகிறவர்களுக்கும் இருக்கும். முனையத்தை உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம் கோலாலம்பூர். ஏர் ஏசியா இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையம். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் குடிவரவு தாண்டி, பொதியை எடுத்து, ரயிலில் மற்ற முனையத்துக்குப் போக வேண்டும். மலேசிய விசா இல்லாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சிங்கப்பூரில் கவலை குறைவு. 1, 2, 3 முனையங்களை உள்ளேயே ரயில் இணைக்கிறது, நான்காவதுக்கு மட்டும் பஸ். இலவச ஓய்வு நாற்காலிகள் இருப்பதால் அங்கே லவுஞ்சுக்குக் காசு கொடுப்பதை நான் பெரும்பாலும் தடுத்துவிடுவேன்.

அப்பாவின் சாப்பாட்டை லவுஞ்சை நம்பி விடாதீர்கள். துபாய் லவுஞ்சுகளில் சோறு, பருப்பு, கொண்டைக்கடலை ஏதாவது இருக்கும். எதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்கத்தான் அவருக்குக் கூச்சமாக இருக்கும். தேநீரை அவர் ஒரு வாயோடு வைத்துவிடுவார், டிக்கோயாக் கொழுந்தைக் குடித்துப் பழகிய நாக்கு அது. விமானத்துக்குள் கிடைக்கும் உணவு உங்கள் கையில் இருக்கிறது. புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே ஆசியச் சைவ உணவு என்று பதிவு செய்யுங்கள், அதன் குறியீடு ஏவிஎம்எல். இறைச்சி, மீன், முட்டை இருக்காது. விஜிஎம்எல் என்பது பாலும் தயிரும் கூட இல்லாத வேறு வகை, அப்பா ஏமாந்துபோவார். கொழும்பு–துபாய், துபாய்–டொரண்டோ, அப்புறம் திரும்பி வரும் இரண்டு பறப்புகள், நான்கிலும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். அம்மா எப்படியும் ரொட்டியும் சம்பலும் கட்டுவார், கட்டட்டும். துபாயிலேயே சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். கனடாவில் இறங்கும்போது கையில் மிஞ்சியிருக்கும் உணவையெல்லாம் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.