குளிர் மறைத்துவிடும் அறிகுறிகள்

நீலகிரியில் வாழும் மக்களுக்குச் சர்க்கரை நோயைப் பற்றிப் போதிய புரிதல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் விடை சொல்கிறேன். நோயின் பெயரை அறியாதவர் இங்கே இல்லை. இனிப்பைக் குறைக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த நோய் தங்கள் உடலில் எப்படித் தலைகாட்டும் என்பதுதான் தெரிவதில்லை. அதற்கு மக்களின் அறியாமையைக் காட்டிலும் இந்த மலையின் குளிரே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

அடிக்கடி சிறுநீர் கழிப்பதை முதல் அறிகுறியாகச் சொல்கிறோம். இங்கே மார்கழி, தை மாதங்களில் நலமாக இருப்பவர்களும் இரவில் இரண்டு முறை எழுந்து போவார்கள் என்பதால், அதை யாரும் நோயோடு சேர்த்து எண்ணுவதில்லை. மேலும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே அது சிறுநீரில் இறங்கி, நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் இருந்தாலே அது நோய் என்றிருக்க, இடைப்பட்ட நிலையில் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமலே ஒருவர் நடமாட முடியும்.

என்னை மிகவும் வருத்துவது கால்களின் நிலைதான். உயர்ந்த சர்க்கரை நீண்ட காலம் நீடித்தால் பாத நரம்புகள் பழுதுபட்டு உணர்ச்சி குறைகிறது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் இதைப் பற்றி விசாரித்தபோது, "இந்தக் குளிருக்குக் கால் மரத்துப் போகாதா, சிஸ்டர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருடைய பாதத்தில் பெரிய தீக்கொப்புளம் இருந்தது. முந்தைய இரவு கரி அடுப்பின் அருகே கால் நீட்டி அமர்ந்திருக்கிறார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. வெந்நீர்ப் பையாலும் இதே தீங்கு நேர்கிறது. மழைக்காலத்து அட்டைக்கடியும் பூட்ஸ் உரசிய புண்ணும் கூட வலியில்லாத காலில் கவனிக்கப்படாமல் போய்ச் சீழ் பிடிக்கின்றன. ஆகவே உறங்கப் போகும் முன் பாதங்களைக் கண்ணால் பார்ப்பதும், வெந்நீரின் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுச் சொல்வதும் இங்கே மருந்துக்கு நிகரான தேவை.

மேடு பள்ளம் ஏறி இறங்கும் தங்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உடலுழைப்பு மிகவும் உதவும் என்பது உண்மையே. ஆனால் பரம்பரையாக வரும் வாய்ப்பை அது முற்றிலும் அழித்துவிடாது. நாள் முழுவதும் சர்க்கரை போட்ட தேநீரும் மைதா வர்க்கியும் உண்பவர்களுக்கு அந்த நன்மையும் குறைகிறது. வர்க்கி இனிக்கவில்லையே என்பார்கள். மைதாவும் செரித்தபின் சர்க்கரையாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது.

எனவே அறிகுறிக்காகக் காத்திராமல், 30 வயதைக் கடந்த எவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணம் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள், அதையும் இரத்தத் துளியை வைக்கும் பரிசோதனைப் பட்டைகளையும் சற்று நேரம் அறையின் வெதுவெதுப்பில் வைத்து, கையை வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகே விரலைக் குத்த வேண்டும். பல கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும், குளிர்ந்த விரலில் இரத்தமும் எளிதில் வராது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்களிடையே, இரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை காணப்படுவதால், அவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு உண்மையை விடக் குறைவாக வரக்கூடும்; அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.