படுத்துப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இழுவை வண்டிப் பக்கம்

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு 450 சிசி டர்ட் பைக், மகனுக்கு ஒரு 110. மகளுக்குப் பைக்கில் நாட்டமில்லை. புத்தகத்தோடு கூட வருவாள். எங்களிடம் அரை டன் பிக்கப் இருக்கிறது, 11,000 பவுண்டு இழுக்கும் என்று கம்பெனி சொல்கிறது. மொத்த எடை வரம்பு 9,800 பவுண்டு உள்ள டாய் ஹாலர் (பின்பாதியில் பைக்குகளும் முன்பாதியில் தங்கும் அறையும் உள்ள டிரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பத்து வருஷமாவது உழைக்குமா, ஐயா? (சான் ஓசே வாசகர்)

பதில்: டிரெய்லர் உழைப்பது இருக்கட்டும், உங்கள் பிக்கப் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடலாம். 11,000 என்பது விளம்பரத்துக்குப் போட்ட எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அரை டன் வண்டிகளில் அது பெரும்பாலும் 1,500-ஐ ஒட்டித்தான் இருக்கும். உங்கள் டிரெய்லர் சுமையோடு 9,000 பவுண்டு என்று வையுங்கள். அதில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கியில் உட்கார வேண்டும். டங் வெயிட் என்பது அதுதான். 12 சதவீதம் என்றாலே 1,080 பவுண்டு. மிச்சம் 420. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் (டிரெய்லரைப் பிக்கப்போடு பிணைக்கும் கருவி) மட்டுமே 100 பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்ததும் கணக்கு முடிந்தது. ஐஸ் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒன்று, அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் பிக்கப்புக்கு மாறுங்கள். இல்லையென்றால் டிரெய்லரைச் சின்னதாக்குங்கள். இரண்டுக்கும் நடுவே சமாதானம் எதுவும் இல்லை.

அடுத்து, டாய் ஹாலருக்கே உரிய ஒரு குணம். சாதாரணக் கேம்பர் டிரெய்லரில் கனம் ஏறக்குறைய நடுவில் இருக்கும். இதில் கனமான சரக்கு முழுக்கப் பின்கோடியில், அச்சுகளுக்கும் பின்னால். அதனால்தான் காலியாக நிற்கும்போது மூக்குக் கனமாக இருக்கும்படி செய்கிறார்கள். பைக்குகளை ஏற்றியதும் மூக்கு லேசாகும். கொக்கியிலிருந்து அச்சு மையம் 18 அடி, பைக்குகளின் கனம் அச்சுக்குப் பின்னால் 6 அடியில் என்றால், ஏற்றிய எடையில் மூன்றில் ஒரு பங்கு டங் வெயிட்டிலிருந்து கழிந்துவிடும். உங்கள் மூன்று பைக்குகளும் சேர்ந்து 650 பவுண்டு வரும் என்றால் 215-க்கு மேல் குறையும். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் வால் ஆடும். விற்பவரிடம் குளிர்சாதனம் எத்தனை என்று கேட்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் நீங்களே குனிந்து பாருங்கள். தொட்டி பின்னால் இருந்தால் 100 கேலன் தண்ணீர், அதாவது 830 பவுண்டு, பைக்குகளோடு சேர்ந்து வாலை அழுத்தும்.

டிரெய்லரின் கதவருகே மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று. நீங்கள் அனுப்பிய படத்தில் 2,900 பவுண்டு என்று தெரிகிறது. தண்ணீர் 830, பைக்குகள் 650, பெட்ரோல் தொட்டி 30 கேலனுக்கு 180. மீதி 1,240-ல் ஹெல்மெட், பூட்ஸ், கருவிப்பெட்டி, ஜெனரேட்டர், சமையல் சாமான், மகளின் புத்தகங்கள் எல்லாம் அடங்கும். இந்த விஷயத்தில் உங்கள் தேர்வு தேறிவிட்டது. ஒரே நீளமுள்ள இரண்டு டாய் ஹாலர்களில் ஒன்றின் ஸ்டிக்கர் 3,000 என்றும் மற்றொன்று 1,600 என்றும் சொல்வது சகஜம். மின்சாரக் கணப்பும் கல் மேடையும் அந்த வித்தியாசத்தைத் தின்றிருக்கும்.

இப்போது உழைப்பு. ஷோரூமில் எல்லோரும் உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நீங்கள் ஒரு அட்டையை விரித்து அடியில் படுங்கள். அச்சுக் குழாயில் ஒட்டிய தகட்டில் தாங்கும் எடை எழுதியிருக்கும். 9,800 பவுண்டு டிரெய்லருக்கு 4,400 அச்சு இரண்டு போட்டிருந்தால் கூட்டினால் 8,800-தான் வருகிறது. பாக்கி 1,000-ஐப் பிக்கப் சுமக்கிறதே என்பது கம்பெனியின் கணக்கு. சட்டப்படி அது சரி. ஆனால் மேடுபள்ளத்தில் எகிறி விழும்போது அச்சுக்கு மிச்சம் எதுவும் இல்லை. 5,200 அச்சு இரண்டு போட்டது கிடைத்தால் அதை எடுங்கள்.

அச்சுக்கு மேலே பட்டை வில், வில்லின் காதில் ஒரு போல்ட், போல்ட்டைச் சுற்றி ஒரு புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் சின்னக் குழல். பல டிரெய்லர்களில் அந்தப் புஷ் வெறும் நைலான். கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேட்டுக்குப் போகிற வழியில் வரிவரியாகக் குலுக்கும் மண் சாலை இருக்கிறதே, அதில் கொஞ்ச காலம் போய்வந்தால் நைலான் தேய்ந்து காணாமல் போகும். பிறகு இரும்பும் இரும்பும் அறுத்துக்கொள்ளும். என் பட்டறையில் கழற்றிய ஒரு போல்ட் எலி கடித்த பென்சில் மாதிரி நடுவில் பாதியாக மெலிந்திருந்தது. அதைத் தாங்கிய தகட்டின் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. வண்டிக்காரர் டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது என்று மட்டும்தான் சொல்லி வந்தார். வெண்கலப் புஷ், கிரீஸ் அடிக்கத் துளை வைத்த போல்ட், தடித்த இணைப்புத் தகடு ஆகியவை புதிதாகவே போட்டு வந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாங்கிய மாதமே மாற்றிக்கொள்ளுங்கள். டிரெய்லர் விலையில் அது தூசு.

வாங்கிய பின் முதல் வேலை, முழுச் சுமையோடு லாரி நிறுத்தத்தில் உள்ள எடை மேடையில் ஏற்றி நிறுத்துவது.

கேள்வி: பழைய டாய் ஹாலர் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறோம். வெளியே புதுசு போல இருக்கிறது. ராம்ப் கதவுக்கு (பைக் ஏற்றச் சாய்வாக இறங்கும் பின்கதவு) பக்கத்தில் மட்டும் தரை லேசாக அமுங்குகிறது. “ரப்பர் விரிப்பு அப்படித்தான் இருக்கும்” என்கிறார் விற்பவர். நம்பலாமா? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: ரப்பர் அமுங்கினால் காலை எடுத்ததும் எழும்பும், சத்தம் வராது. மரம் அமுங்கினால் குதிகாலில் ஒரு நொறுக்குச் சத்தம் கேட்கும். காலணியைக் கழற்றிவிட்டு மெதுவாக அழுத்தி நடங்கள், கால் சொல்லிவிடும்.

ராம்ப் கதவும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அலுமினியப் பட்டி ஓடும். டாய் ஹாலர் முதலில் சாவது அங்கேதான். மழைத் தண்ணீர் கதவின் மேல் வழிந்து கீழ் ரப்பரில் தங்கும். பைக்கைக் கழுவிய ஈரத்தோடு உள்ளே தள்ளுவார்கள், அதுவும் அங்கேயே வடியும். பட்டியைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையைப் பாருங்கள். துரு வழிந்து பழுப்புக் கோடு விழுந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியாயிற்று. ஓரத் திருகு ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரத்தைக் கடித்துக்கொண்டு முறுக்கி முறுக்கி வந்தால் நல்லது. விரலால் இழுத்ததும் ஈர மரத்தூளோடு வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிடலாம். இன்னொரு சோதனை: கொத்தூசியால் பிளைவுட்டின் வெட்டு விளிம்பைக் குத்துங்கள். நல்ல பலகையில் நுனி மட்டும் பதியும், இற்றுப்போனதில் ஊசி கைப்பிடி வரை போகும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, ரப்பர் விரிப்பைத் தூக்கினால் சில வண்டிகளில் அந்தக் காட்சிதான்.

ராம்ப் கதவும் உள்ளே பிளைவுட்தான். தரையில் இறக்கிவிட்டு நடுவில் நின்று குதியுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கீல்களின் ஊசி வளைந்திருக்கிறதா, தூக்கிவிடும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிறதா என்றும் பாருங்கள். கதவைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுத் திண்ணையாக்கும் வசதி இருந்தால், அது ஆட்கள் உட்காரத்தான். அந்த நிலையில் பைக்கை ஏற்றி வடத்தை நீட்டிவிட்டவர்கள் உண்டு.

பக்கச் சுவரிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ஃபைபர் சுவர் எங்காவது குமிழ் போல உப்பி, அழுத்தினால் உள்ளே போனால், பின்னாலிருக்கும் பலகையிலிருந்து பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்கிற செலவில் இந்த வண்டியை மறந்துவிட்டு வேறொன்றைத் தேடலாம்.

கேள்வி: டிரெய்லர் டயர் அவ்வளவாகத் தேயவில்லை, ஆனால் வாங்கி ஏழு வருஷம். மாற்றித்தான் ஆக வேண்டுமா? (லாஸ் வேகஸ் வாசகர்)

பதில்: மாற்றுங்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று கெடுவதுதான் அதிகம். பக்கச் சுவரில் டாட் என்ற குறியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து, ஆறு வருஷத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

மாற்றும்போது ஒரு படி மேலே போங்கள். எஸ்டி (டிரெய்லருக்கென்றே செய்த டயர்) 225/75 ஆர்15 அளவையே எடுத்துக்கொண்டால், சி ரகம் ஒன்று 2,150 பவுண்டு தாங்கும், டி ரகம் 2,540, இ ரகம் 80 பிஎஸ்ஐ காற்றில் 2,830. அளவு ஒன்றுதான், தாங்குவது வேறு. ஆனால் உங்கள் ரிம் 80 பிஎஸ்ஐ தாங்குமா என்று அதன் பின்பக்கம் பொறித்திருப்பதைப் பார்த்த பிறகே இ ரகம் வாங்குங்கள். வேகமும் முக்கியம்: வேகக் குறி இல்லாத எஸ்டி டயரை மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55-க்கு மேல் விடாது. மாநில எல்லையைத் தாண்டியதும் உங்கள் ஊர்க்காரர்கள் முறுக்குகிற வேகத்தை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறை போய் வந்ததும் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. போன மாதம் தரை வளையம் ஒன்று பிய்ந்து பைக் சரிந்தது. கட்டுவதில் குறையா, டிரெய்லரில் குறையா? (சான் டியாகோ வாசகர்)

பதில்: இரண்டிலும், தம்பி. ஃபோர்க் முழுக்க அமுங்கும் வரை ஸ்ட்ராப்பை இழுக்கிறீர்கள். பாதி அமுங்கினால் போதும். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் முட்டுக்கட்டையைக் கொடுத்துக் கட்டினால் சீல் தப்பிக்கும். பக்க ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். மொத்தக் குலுக்கலும் அந்த ஒரு புள்ளி வழியாகத் தரைக்குப் போய்ப் பலகையில் குழி விழுகிறது. பின் சக்கரத்துக்கும் ஒரு ஸ்ட்ராப் போடுங்கள்.

வளையம் பிய்ந்தது வேறு கதை. டிரெய்லருக்கு அடியில் போய், வளையத்தின் போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இரும்புக் குறுக்குச் சட்டத்தைத் துளைத்து நட் போட்டிருக்க வேண்டும். உங்களுடையது வெறும் பிளைவுட்டில் மரத் திருகாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மேலே பார்த்தால் இரண்டு வளையமும் ஒரே மாதிரி பளபளக்கும். ஸ்ட்ராப் அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது அறுந்துபோகும் எடை; அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீங்கள் நம்பக்கூடியது.

கேள்வி: பைக் நிற்கும் இடத்துக்கு மேலேயே மேலிருந்து இறங்கும் கட்டில் இருக்கிறது. இரவில் பெட்ரோல் வாடை வருகிறது. குழந்தைகள் அங்கே படுக்கலாமா? (டூசான் வாசகி)

பதில்: பைக்குகள் உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் பைக்குகளை வெளியே இறக்கி, ராம்பையும் ஜன்னல்களையும் திறந்து காற்றாட விட்ட பிறகுதான் அடுப்பு, பிறகுதான் படுக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அது தரையோடு தவழ்ந்து போய், எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜின் சுடரைத் தேடிக்கொள்ளும். கார்புரேட்டர் பைக் என்றால் ஏற்றுவதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். வாடைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கேன்களில் உபரிப் பெட்ரோலை உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். ஜெனரேட்டர் போடுகிற வண்டியில் அதை அவசியம் பாருங்கள். இனி வாங்குகிறவர்களுக்கு: பைக் அறைக்கும் படுக்கைக்கும் நடுவே இறுக்கமாக மூடும் கதவோடு சுவர் உள்ள வண்டி கொஞ்சம் நீளமாக வரும், கனமும் கூடும். குழந்தைகள் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: நானும் நண்பனும் மட்டும்தான், ஆளுக்கொரு பைக். காலையில் போய் இரவில் திரும்பிவிடுவோம். டாய் ஹாலர் வேண்டுமா? (பேக்கர்ஸ்ஃபீல்ட் வாசகர்)

பதில்: வேண்டாம். பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு பைக்கும் நிற்கும். பூட்டி வைக்க இடம் வேண்டுமென்றால் மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்று வாங்குங்கள். அதற்கும் அட்டையை விரித்து அடியில் படுத்துப் பார்த்துத்தான்.